டின்னோடு வடலூருக்கு

பிப்ரவரி 9, 2025, ஞாயிறு. வேப்பூர் பக்கம், எங்கள் ஊர்

சென்னையிலிருந்து கிளம்பும்போதே அம்மாவிடம் போனில் சொல்லிவிட்டேன்: "ஆயாவோட அரிசிய நான் எடுத்துட்டுப் போறேன்." அந்தப் பக்கம் ஒரு நிமிஷம் சத்தமே இல்லை. பிறகு, "வந்து தூக்கிட்டுப் போ. எலி வேற சுத்துது" என்றாள்.

தெரியாதவர்களுக்கு முன்கதை. எங்கள் ஆயா, அப்பாவைப் பெற்றவள், உலையில் அரிசி போடுவதற்கு முன்னால் ஒரு பிடி அள்ளி அடுப்படி மூலையில் இருக்கும் பழைய டால்டா டின்னில் போடும். ஒரு நாள் தப்பாது. வருசம் திரும்பி தைப்பூசம் வந்தால் அதைத் தூக்கிக்கொண்டு வடலூருக்குப் போய் தருமசாலையில் கொட்டிவிட்டு வரும். கலியாணம் ஆகி வந்த வருசத்திலிருந்து இதுதான் கதை. போன வருசம் ஜனவரி 25 தைப்பூசத்துக்குக்கூட சித்தப்பாவைக் கூட்டிக்கொண்டு தானே போய்க் கொட்டிவிட்டு வந்தது. சித்திரையில் வாசல்படியில் விழுந்து இடுப்பு உடைந்தது. புரட்டாசியில் போய்விட்டது. 86 வயசு.

ஏன் வடலூர்? ஆயாவுக்கு அதன் ஆயா சொன்னதாம்: தாது வருசப் பஞ்சத்தில், 1876 வாக்கில், சின்னப் பிள்ளையாக அம்மா இடுப்பில் உட்கார்ந்து வடலூருக்குப் போய்க் கஞ்சி குடித்துத்தான் உயிர் பிழைத்தார்களாம். வள்ளலார் அந்தத் தருமசாலையைத் தொடங்கியது 1867 மே 23ஆம் தேதி. பஞ்சம் வந்தபோது அடுப்பு எரிய ஆரம்பித்துப் பத்து வருசம்கூட ஆகவில்லை. "குடிச்ச கஞ்சிக்கு வட்டி கட்றேன்" என்று ஆயா சொல்லும். கேட்டால் வட்டிதான் என்னும், அசல் என்றைக்கும் தீராது என்னும்.

டின்னைத் திறந்தேன். காய்ந்த வேப்பிலை, நாலைந்து மிளகாய் வற்றல், கழுத்து வரை அரிசி. பக்கத்தில் ஒரு துணிப்பையிலும் கொஞ்சம். சித்தப்பா வீட்டுத் தொங்கு தராசில் மாட்டினோம். டின் எடை போக 19 கிலோ. "ஆயா போட்ட கடைசி அரிசி" என்று நான் கொஞ்சம் நெகிழ்ந்து சொல்லிவிட்டேன் போல. அம்மா முறத்தை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

அம்மாவுக்கும் ஆயாவுக்கும் இந்த டின் விசயத்தில் முப்பது வருசப் பஞ்சாயத்து. இந்த வீட்டில் ரேஷன் அரிசிக்கே கையைப் பிசைந்துகொண்டிருந்த காலம் உண்டு. அப்பாவுக்குச் சம்பளம் வராத நாளிலும் ஆயா ஒரு பிடி எடுக்கும். "நம்ம புள்ளைங்களுக்கே அரை வயிறு, ஊருக்கு என்ன தர்மம்" என்று அம்மா கத்துவாள். ஆயா பதில் பேசாது, எடுப்பதையும் நிறுத்தாது. இதில் யார் பக்கம் நியாயம் என்று என்னை யாராவது கேட்டால் அம்மா பக்கம் என்றுதான் சொல்வேன்.

எனக்கே ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது. நாலாவது படிக்கும்போது தீபாவளிக்கு எடுத்த கோடு போட்ட சட்டையை, ஆடு மேய்க்க வரும் என் வயசுப் பையனுக்கு ஆயா தூக்கிக் கொடுத்துவிட்டது. "ஒனக்குப் போன வருசத்துது நல்லாத்தானே இருக்கு?" அவன் அதைப் போட்டுக்கொண்டு எங்கள் வாசலிலேயே பட்டாசு பொறுக்கினான். ஒரு வருசம் அவனோடு பேசவில்லை. ஆயாவோடு ரெண்டு நாள்.

பிப்ரவரி 10, திங்கள். விருத்தாசலம் வழியாக

தலை வருசம் என்பதால் கோயில் வாசல் மிதிக்கக் கூடாது என்று பெரியவர்கள் உத்தரவு. "அப்ப வடலூர் மட்டும் போலாமா?" என்றேன். "அது கோயில் இல்ல, சபை" என்று அம்மா தீர்ப்பு சொன்னாள். சட்டத்தில் இப்படி ஒரு சந்து இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

முதல் தொந்தரவு பஸ்ஸில். சித்தப்பா டின்னைப் பின் படிக்கட்டுப் பக்கம் வைத்தார். கண்டக்டர் வந்து, "இது யாருது? லக்கேஜ் போடணும்" என்றார். "தர்மத்துக்குப் போற அரிசிங்க" என்று சித்தப்பா இழுத்தார். "தர்மம் வேற, டிப்போ வேற" என்று சொல்லி டிக்கெட்டைக் கிழித்துக் கையில் கொடுத்தார். பேச்சில் குறை சொல்ல முடியாது. அடுத்த நிறுத்தத்தில் கூட்டம் ஏறியபோது அவரே டின்னைக் காலால் ஓரமாக நகர்த்தி, மேலே யாரையும் உட்கார விடாமல் பார்த்துக்கொண்டார்.

மணவாளநல்லூர் வந்ததும் சித்தப்பா டீ குடிக்கலாம் என்று இறக்கிவிட்டார். கொளஞ்சியப்பர் கோயில் ஊர். உள்ளே போக முடியாது, எதிரே கடையில் நின்றோம். டீ 12 ரூபாய், இஞ்சி தூக்கல். இந்தக் கோயிலில் பிராது கட்டுவது வழக்கம். கடன் வாங்கி ஏமாற்றியவன், நகை திருடியவன், சேர்ந்து வாழாத புருசன் என்று யார் மேலும் முருகனிடம் மனு எழுதிக் கட்டலாம். உன் ஊர் எவ்வளவு தூரம் என்று கேட்டு அதற்கும் சேர்த்துக் காசு வாங்குவார்கள். சாமி வந்து போக வேண்டும் இல்லையா.

ஆயாவும் ஒருமுறை கட்டியிருக்கிறது. எனக்கு இன்றைக்குத்தான் தெரியும். பக்கத்துத் தெருவில் ஒருத்தன், பொண்ணு கலியாணம் என்று ஆயாவின் மூன்று பவுன் சங்கிலியை வாங்கி அடகு வைத்தவன், திருப்பவே இல்லை. நகை ஏலம் போய்விட்டது. ஊரே உசுப்பேற்றி ஆயாவைப் பிராது கட்ட வைத்தது. கட்டிவிட்டு வந்த ராத்திரியிலிருந்து ஆயாவுக்குத் தூக்கம் இல்லை. முருகன் அவனைக் கேட்கப் போய் அவன் பிள்ளைகளுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? வாரம் தாங்கவில்லை. திரும்பவும் பஸ் ஏறி வந்து பிராதை வாபஸ் வாங்கிக்கொண்டு போய்விட்டது.

"சங்கிலியும் போச்சு, ரெண்டு தடவ பஸ்ஸு காசும் போச்சு" என்றார் சித்தப்பா. சிரித்தார், ஆனால் அந்தச் சங்கிலி சித்திக்குப் போட வேண்டியது என்று எனக்குத் தெரியும்.

விருத்தாசலத்தில் சித்தப்பா என்னைக் கடலூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டுக் கிளம்பினார். மந்தாரக்குப்பம் தாண்டியதும் சுரங்கத்து மண்மேடுகள் மலை மாதிரி நின்றன. அதற்கப்புறம் முந்திரித் தோப்புகள். மாசி பிறக்கப் போகிறது, முந்திரி பூத்திருந்தது; ஜன்னல் வழியாக லேசாக ஒரு தித்திப்பு வாசனை, அதன் மேலே புழுதி.

வடலூரில் இறங்கும்போது மணி மூன்று. காலையில் கொடி ஏறிவிட்டது. ரோடெல்லாம் வெள்ளைச் சட்டை, வெள்ளைப் புடவை. டின்னைத் தோளில் தூக்கி நடந்ததில் சட்டையின் தோள்பட்டை துருவாகிவிட்டது.

தருமசாலையில் அரிசி மூட்டைகள் ஆள் உயரம் அடுக்கியிருந்தார்கள். பூசணிக்காய் ஒரு பக்கம் மலை. நான் மனசுக்குள் என்னவோ ஒரு காட்சி வைத்திருந்தேன்: ஆயா பேரைச் சொன்னதும் யாராவது ஒரு வயசான அம்மா, "அட, அந்த வேப்பூர் அம்மாவா?" என்று கேட்பதுபோல. அறுபது வருசத்துக்கு மேல் வந்திருக்கிறதே. யாருக்கும் தெரியவில்லை. ஊர் பேர், ஆள் அடையாளம், மூக்குத்தி வரைக்கும் சொல்லிப் பார்த்தேன். "இங்க எல்லாரும் அப்படித்தான் தம்பி வருவாங்க" என்று ஒருவர் சொல்லிவிட்டு அடுத்த மூட்டைக்குக் கை நீட்டினார்.

அரிசி சுத்தம் பண்ணும் இடத்துக்கு அனுப்பினார்கள். ஏழெட்டுப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து புடைத்துக்கொண்டிருந்தார்கள். ஓர் அம்மா டின்னுக்குள் கை விட்டு ஒரு குத்து அள்ளி முறத்தில் பரப்பினார். நானும் குனிந்து பார்த்தேன். ஒரே அரிசி இல்லை அது. சன்னமான பொன்னி, கட்டையான ரேஷன் புழுங்கல், பழுப்பேறினது, நொய், எல்லாம் கலந்து கிடந்தது. அந்தந்த நாளைக்கு எங்கள் வீட்டில் என்ன உலையில் விழுந்ததோ அதுதான்.

"இது கலப்பு அரிசி தம்பி. ஒண்ணு வேகும், ஒண்ணு வேகாது. சோத்துக்கு ஆவாது" என்றார்.

எனக்கு முகம் சுண்டிவிட்டது. அவர் கவனித்திருக்க வேண்டும்.

"கஞ்சிக்குப் போட்டுக்கலாம். கஞ்சிக்கு நல்லா இருக்கும்" என்றவர், மேலாக இன்னொரு குத்து அள்ளி, "மேல பூரா பச்சரிசியா இருக்கே. ரேஷன் பச்சரிசி மாதிரி இருக்கு" என்றார். நான் தலையாட்டினேன். டின்னை அங்கேயே வைத்துவிட்டுப் போகச் சொன்னார்கள், ஊருக்குத் திரும்பும்போது எடுத்துக்கொள்ளலாமாம்.

அணையா அடுப்பைப் பார்த்தேன். வள்ளலார் காலத்தில் 21 அடி நீளத்துக்கு வெட்டினது. சின்ன வயசில் ஆயா இதைச் சொல்லும்போது நம் வீட்டிலிருந்து மாரியம்மன் கோயில் வரைக்கும் நீளம் என்று சொல்லும். அவ்வளவு இல்லை. ஆனால் பக்கத்தில் ரெண்டு நிமிஷம் நின்றால் முகம் காந்துகிறது.

லாட்ஜில் ஒரு ரூமுக்கு 1800 ரூபாய். மற்ற நாளில் 600 என்று லாட்ஜ்காரரே சொல்லிவிட்டார். கொசு இலவசம்.

பிப்ரவரி 11, செவ்வாய். தைப்பூசம்

நாலரைக்கே கிளம்பினேன். பனி நன்றாக இறங்கியிருந்தது, பக்கத்தில் நடப்பவரின் துண்டுகூட ஈரம். ஜோதி காட்டும் சத்திய ஞான சபைக்குள் புலால் உண்பவர்கள் போகக் கூடாது என்று வாசலிலேயே எழுதியிருக்கிறது. சனிக்கிழமை ராத்திரி சென்னையில் சாப்பிட்ட பிரியாணி ஞாபகம் வந்தது. வெளியே மைதானத்திலேயே நின்றுகொண்டேன். அங்கேதான் ஆயிரக்கணக்கில் ஜனம்.

ஆயா முப்பது வயசிலேயே கறி மீனை விட்டுவிட்டது. ஆனால் எங்களுக்கு மீன் குழம்பு வைத்தது அதுதான். உப்பு பார்க்காமல் வைக்கும், ஒருநாளும் தப்பினதில்லை.

1872 ஜனவரி 25 தைப்பூசத்தில் முதல் ஜோதி தரிசனம். இது 154ஆவது. ஆறு மணிக்கு மணி அடித்தார்கள். திரைகள் ஒவ்வொன்றாக விலகின: கருப்பு, நீலம், பச்சை, சிவப்பு, பொன், வெள்ளை, கடைசியில் கலப்பு வண்ணம். கண்ணாடிக்குப் பின்னால் சுடர். தூரத்திலிருந்து ஒரு பொட்டு அளவுதான் தெரிந்தது. கிழக்கே வெளுத்துக்கொண்டு வந்தது. "அருட்பெருஞ்ஜோதி" என்று சுற்றிலும் எழுந்த சத்தத்தில் எனக்குத் தொண்டை அடைத்தது. பக்தி என்று பொய் சொல்ல மாட்டேன். இந்த இடத்தில் இதே பனியில் முக்காட்டோடு நின்ற ஓர் ஆளை நினைத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

கண்ணைத் துடைத்துவிட்டுக் குனிந்தால் செருப்பைக் காணோம். விட்ட இடத்தில் வேறு ஒரு ஜோடி, இடது கால் வார் அறுந்தது. பத்து மணி வெயிலுக்குள் தார் ரோடு சுட ஆரம்பித்துவிட்டது. ஹவாய் செருப்பு 150 ரூபாய், பேரம் கிடையாது.

சாப்பாட்டுக்குக் குறைவில்லை. ரோட்டோரம் பந்தலுக்குப் பந்தல் அன்னதானம். காலையில் வெண்பொங்கல், பதினோரு மணிக்கு சாம்பார் சாதம், அப்புறம் தயிர் சாதம், நடுவில் சுண்டல், மோர். வேண்டாம் என்று நகர்ந்தால் கையைப் பிடிக்கிறார்கள். ஒரு பந்தலில் பத்து வயசுப் பையன், "அண்ணா, கொஞ்சமாச்சும் வாங்கிக்கங்க, அண்டா காலியானாத்தான் அப்பா வீட்டுக்கு விடுவாரு" என்றான். அவனுக்காக மூன்றாவது தடவை சாப்பிட்டேன். மத்தியானம் முழுக்க ஒரு மரத்தடியில் அசைய முடியாமல் கிடந்தேன்.

பிப்ரவரி 12, புதன். கருங்குழி

அதிகாலை ஐந்தரை மணிக்குக் கடைசி தரிசனம். எழுந்திருக்கவில்லை. ஆயா திட்டியிருக்கும்.

வெயில் ஏறுவதற்குள் கருங்குழிக்கு நடந்தேன். வள்ளலார் பல வருசம் தங்கிய வீடு இருக்கிறது. எண்ணெய் என்று நினைத்துத் தண்ணீரை ஊற்றி விளக்கு எரித்ததாகச் சொல்லப்படும் இடம். வாசலில் உட்கார்ந்திருந்த பெரியவர் அந்தக் கதையை எனக்கு முழுசாகச் சொன்னார். முடித்ததும், "நீங்க நம்பணும்னு இல்ல, கேட்டதே போதும்" என்றார். அந்த மரியாதை பிடித்திருந்தது.

திரும்பி வரும் வழியில் ஒரு மளிகைக் கடை. தண்ணீர் பாட்டில் வாங்கும்போது வாசலில் திறந்திருந்த அரிசி மூட்டையைப் பார்த்தேன். ஏன் தோன்றியது என்று தெரியவில்லை. "அண்ணே, ஒரு பிடி அள்ளித் தராசுல போட்டுப் பாக்கட்டுமா?" கடைக்காரர் ஒரு மாதிரி பார்த்தார். போட்டேன். 58 கிராம். "லேடீஸ் கையா இருந்தா அம்பது வரும்" என்றார் அவரே, கேட்காமல்.

ஐம்பது கிராம். 19 கிலோவுக்கு 380 பிடி. நடந்துகொண்டே போனில் நாள் கணக்கு பார்த்தேன். போன தைப்பூசம் ஜனவரி 25இலிருந்து இந்த ஞாயிற்றுக்கிழமை வரை 381 நாள்.

ஆயா நடமாடினது சித்திரை வரைக்கும்தான். அப்படியே வைத்தாலும் நாலைந்து கிலோவுக்கு மேல் வராது.

அப்புறம் அந்தப் பச்சரிசி. ரேஷனில் பொங்கல் தொகுப்பு என்று இந்த ஜனவரியில்தான் ஒரு கிலோ பச்சரிசி, ஒரு கிலோ சர்க்கரை, ஒரு முழுக் கரும்பு கொடுத்தார்கள். கரும்பை நான் லீவுக்கு வந்தபோது தின்றேன். தலை வருசம், எங்கள் வீட்டில் பொங்கல் வைக்கவில்லை. பச்சரிசி என்ன ஆச்சு என்று அப்போது யார் கேட்டது?

ரோட்டோரம் ஒரு மைல்கல்லில் உட்கார்ந்து தண்ணீர் பாட்டிலைக் காலி பண்ணினேன். அம்மாவுக்குப் போன் போட எடுத்து, போடாமல் வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 13, வியாழன். மேட்டுக்குப்பம்

தைப்பூசத்துக்கு மூன்றாம் நாள் இங்கே திருஅறை தரிசனம். 1874 ஜனவரி 30 அன்று வள்ளலார் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்ட அறை. வடலூரிலிருந்து பேழையைப் பூப்பல்லக்கில் தூக்கி வந்தார்கள். வழியெல்லாம் தண்ணீர் தெளித்துக் கோலம், பழத்தட்டோடு ஊர் ஜனம். வரிசை வளைந்து வளைந்து போனது, நிழலே இல்லை. முன்னால் நின்ற சேலத்து அம்மா தன் குடையை நான்கு பேருக்குப் பிடித்துக்கொண்டிருந்தார். கை மாற்றிக்கொள்கிறேன் என்றால் தரவில்லை.

வரிசையில் நின்றபடியே போன் போட்டேன்.

"எம்மா, அந்த அரிசிய போட்டது நீதானே?"

"எந்த அரிசி?"

"டின்னுல இருந்தது."

கொஞ்ச நேரம் பாத்திரம் உருட்டும் சத்தம்தான் கேட்டது. "படுத்த படுக்கையா கெடந்துகிட்டு அடுப்படியையே பாத்துக்கிட்டு இருக்கும். ஒல கொதிக்கற சத்தம் கேட்டா போதும், போட்டியா போட்டியான்னு உசுர வாங்கும். போடலன்னா விடுமா? போட்டேன்."

"சரி. புரட்டாசிக்கு அப்புறம் யாரு கேட்டா?"

அதற்குப் பதில் வரவில்லை. "அந்தப் பச்சரிசிய என்ன பண்றதுன்னு தெரியல, அதையும் போட்டுட்டேன்" என்றாள். பிறகு, "வாங்கிக்கிட்டாங்களா?"

"கலப்பா இருக்குன்னாங்க. கஞ்சிக்குத்தான் ஆவுமாம்."

"நான் அப்பவே சொன்னேன் கெழவிகிட்ட. ரேஷன் அரிசியையும் பொன்னியையும் ஒண்ணா போடாதன்னு. கேட்டாத்தானே." உடனே குரல் மாறியது. "டின்ன எங்க வச்சிருக்க?"

"தருமசாலையில இருக்கு."

"மறந்து கிறந்து தொலைச்சிட்டு வந்துடாத. நாலு நாளா சொம்புல போட்டு வச்சிருக்கேன், நெறஞ்சு போச்சு."

வரிசை நகர்ந்தது. ஜன்னல் வழியாக அறைக்குள் ஒரு கணம்தான் பார்க்க முடிந்தது, அதற்குள் பின்னாலிருந்து தள்ளிவிட்டார்கள். உள்ளே என்ன பார்த்தேன் என்று கேட்டால் சரியாகச் சொல்லத் தெரியாது.

வடலூருக்கு ஷேர் ஆட்டோ, தலைக்கு 30 ரூபாய். தருமசாலையில் போய்க் கேட்டால் சுவரோரம் காலி டின்கள் வரிசையாக நிற்கின்றன, இருபதுக்கு மேல் இருக்கும். எல்லாம் ஒரே மாதிரி, ஒரே துரு. "உங்களுது எதுன்னு பாத்து எடுத்துக்கங்க" என்றார்கள். ஒவ்வொன்றாக உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டே போனேன். வேப்பிலை பல டின்களில் ஒட்டிக்கொண்டிருந்தது. வேப்பிலையும் மிளகாய் விதையும் சேர்ந்து ஒட்டியிருந்தது ஒன்றில்தான். அதை எடுத்துக்கொண்டேன். நம்முடையதுதானா என்று சத்தியம் பண்ண முடியாது.

விருத்தாசலம் பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. டின்னை மடியில் வைத்துக்கொண்டேன். கண்டக்டர் வந்து விரலால் ஒரு தட்டு தட்டிப் பார்த்தார்.

"காலி டின்னா? இதுக்கு லக்கேஜ் வேணாம் சார்."